லினக்ஸில் ரெண்டு அவுட்புட்டும் ஒண்ணா ஒலிக்கலை, போகப் போக எதிரொலி

மயிலைவாசி:
மயிலாப்பூரில் ஒரு சின்ன ஹால். பிசியில் லினக்ஸ் மின்ட் 22. மதர்போர்டு லைன் அவுட்டில் மேடை ஆம்ப்ளிஃபயர், ஹெச்டிஎம்ஐயில் பின்வரிசைக்கு டிவி. நடுவில் 12 மீட்டர். அசவுண்ட்ஆர்சி ஃபைலில் அல்சாவின் (லினக்ஸின் அடிப்படை ஒலி அமைப்பு) 'மல்டி' பிளக்-இன் எழுதி ரெண்டையும் சேர்த்திருக்கேன். தொடக்கத்திலேயே டிவி லேசா பின்தங்குது. ஒரு மணி நேரக் கச்சேரிப் பதிவு முடியும்போது மிருதங்கச் சொல் ஒவ்வொண்ணும் ரெண்டு தடவை விழுது. பஃபரைக் கூட்டியும் பலனில்லை.

அல்சாபித்தன்:
சார், இது ரெண்டு தனிக் கோளாறு. முதலிலிருந்தே இருக்கும் இடைவெளி லேட்டன்சி, அதாவது தாமதம். வளர்ந்துகிட்டே போறது கிளாக் டிரிஃப்ட்: ரெண்டு கார்டுக்கும் தனித்தனி கிரிஸ்டல் (கிளாக்கை ஓட்டும் படிகம்). பத்து லட்சத்துக்கு 50 வித்தியாசம் இருந்தாலே நிமிஷத்துக்கு 3 மில்லிசெகண்ட், மணிக்கு 180. 'மல்டி' இதைச் சரிக்கட்டாது. பஃபர் எவ்வளவு பெருசானாலும் கிரிஸ்டல் ஓடுற வேகம் மாறப்போறதில்லை.

அந்த ஃபைலை ஓரங்கட்டிட்டு பைப்வயர்ங்கிற ஒலி சர்வரிடமே விடுங்க, மின்ட் 22-இல் அதுதான் ஓடுது. ஒரு கார்டின் கிளாக்கைத் தலைமையா வெச்சு மத்ததை ரீசாம்பிள் பண்ணி (வேகத்தை லேசா மாத்தி) இழுத்துக்கும். டெர்மினலில் பிஏசிடிஎல் என்ற கட்டளை மூலமா 'மாட்யூல்-கம்பைன்-சிங்க்' லோட் பண்ணுங்க. 'ஸ்லேவ்ஸ்' என்ற இடத்தில் ரெண்டு சிங்க் (அவுட்புட்) பெயரும் கமா போட்டு வரணும். 'லேட்டன்சி காம்பன்சேட்' என்பதை ட்ரூ ஆக்க மறக்காதீங்க, இயல்பா அது அணைஞ்சிருக்கும்.

ரிச்சிதெரு:
அடுத்து அளக்கணும். ஆடாசிட்டி ஆடியோ எடிட்டரில் ரிதம் டிராக் உண்டாக்கி ஓட்டுங்க. போனை ஹாலின் நட்ட நடுவில், ரெண்டு பக்கமும் 6 மீட்டர் இருக்கிற மாதிரி வெச்சுப் பதிவு பண்ணி, அலைவடிவில் ரெண்டு கிளிக்குக்கும் உள்ள தூரத்தைப் பாருங்க. அதுக்கு முன்னாடியே டிவியை கேம் மோடில் போட்டா தாமதம் பெரும்பாலும் குறையும்.

மயிலைவாசி:
கம்பைன் பண்ணதும் வளர்ச்சி நின்னுடுச்சு. கேம் மோடிலும் டிவி 90 மில்லிசெகண்ட் பின்னாடி. பாவுகண்ட்ரோலில் (ஒலி அமைப்பை மாத்துற ஆப்) 90 போட்டுடவா?

ரிச்சிதெரு:
போடாதீங்க! 90 போட்டா ரெண்டும் ஒரே நேரத்தில் ஒலிக்கும், பின்வரிசையில் டிவி சத்தம்தான் முதலில் விழும். நம்ம ஊர் வெக்கையில் சத்தம் செகண்டுக்கு சுமார் 350 மீட்டர் போகும். மேடைச் சத்தம் 12 மீட்டர் தாண்டிப் பின்வரிசைக்கு வர 34 மில்லிசெகண்ட். முதலில் வர்ற சத்தத்தின் திசையைத்தான் காது நம்பும். டிவி முந்திக்கிட்டா, பாடகர் நம்ம முதுகுக்குப் பின்னாலிருந்து பாடுற மாதிரி இருக்கும். 34-க்கு மேல் ஒரு 10 சேர்த்து, டிவியை 45 பின்தங்கவே விடுங்க. மீதி 45-ஐ ஹெச்டிஎம்ஐ வரியில், அட்வான்ஸ்டு பிரிவின் லேட்டன்சி ஆஃப்செட்டில் போடுங்க. தாமதமாகும் கருவிக்குத்தான் கூட்டல் எண். பைப்வயர் மத்ததைக் காக்க வைக்கும். போட்டதும் மறுபடி அளந்து பாருங்க.

அல்சாபித்தன்:
ரீபூட் ஆனா கம்பைன் போயிடும். கட்டளையை ஸ்டார்ட்அப் அப்ளிகேஷன்ஸில் 10 செகண்ட் தாமதத்தோட சேருங்க. டிவியை முன்னாடியே ஆன் பண்ணியிருக்கணும், இல்லேன்னா அந்த சிங்க்கே இருக்காது.

டிவியே வேண்டாம்னா, நாலு ஜாக் இருக்கும் 7.1 யூஎஸ்பி கார்டு வாங்கிடுங்க. எல்லா ஜாக்குக்கும் ஒரே கிளாக், டிரிஃப்ட் பேச்சே இல்லை. ஒரே ஒரு ஹெட்போன் ஜாக்கை வெச்சுக்கிட்டு '7.1'னு அட்டையில் போட்டு விக்கிறதை மட்டும் வாங்கிடாதீங்க. அது வெறும் ஸ்டீரியோ.

மயிலைவாசி:
45 போட்டாச்சு, பின்வரிசையில் எதிரொலி இல்லை. ஆனா பாட்டு தொடங்கும்போது டிவியில் முதல் செகண்ட் வர்றதில்லையே?

ரிச்சிதெரு:
5 செகண்ட் சும்மா இருந்தா வயர்ப்ளம்பர் (பைப்வயரை நிர்வகிக்கும் புரோகிராம்) சிங்க்கைத் தூங்க வெச்சுடும். அதன் கான்ஃபிகில் சஸ்பெண்ட் டைம்அவுட்டை 0 ஆக்குங்க.