ஃப்ளோரன்ஸில் தெருவிலேயே நின்று பார்த்தவை

இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் போகும் பலர் உஃபிஸி அருங்காட்சியகத்துக்கும் டேவிட் சிலைக்கும் டிக்கெட் எடுத்துக்கொண்டு, நடுவில் இருக்கும் தெருக்களை வேகவேகமாகக் கடந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், மறுமலர்ச்சிக் கலையை அங்கே தெருவில்தான் பார்க்கத் தொடங்க வேண்டும். பழைய நகரம் சின்னது, கால்நடையாகவே சுற்றிவிடலாம்.

டுவோமோ என்ற பெரிய தேவாலயத்திலிருந்து ஆற்றுப் பக்கம் போகும் வழியில் ஓர்சான்மிக்கேலே வரும். 1337-இல் தானியச் சந்தையாகக் கட்டத் தொடங்கி, பிறகு தேவாலயமான கட்டடம் அது. மாடிக் கிடங்கிலிருந்து தானியம் இறங்கிய துவாரத்தை உள்ளே ஒரு தூணில் இன்றும் பார்க்கலாம். வெளிச்சுவர் மாடங்களில் ஊரின் கைவினைஞர், வணிகர் சங்கங்கள் போட்டி போட்டுத் தங்கள் புனிதர்களுக்குச் சிலை வைத்தன. ஆயுதம் செய்பவர்களுக்காகச் சிற்பி தோனதெல்லோ வடித்த புனித ஜார்ஜ் இப்போது பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மாடத்தில் நிற்பது நகல்.

நான் அதிக நேரம் நின்றது கல்தச்சர்கள், மரவேலைக்காரர்கள் சங்கத்தின் மாடத்துக்கு எதிரில். நான்னி தி பாங்கோ செய்த நான்கு புனிதர்கள் அரைவட்டமாக நின்று பேசிக்கொள்வதுபோல் இருப்பார்கள். அதைவிட அவர்கள் காலடியில் உள்ள சின்னப் புடைப்புச் சிற்பம்தான் என்னைப் பிடித்து வைத்தது. ஒருவர் சுவர் எழுப்புகிறார், ஒருவர் கல்லில் துளை போடுகிறார், கடைசியில் ஒருவர் ஒரு குழந்தை உருவத்தைச் செதுக்குகிறார். சாமிக்குக் கீழே தங்கள் வேலையையும் வைத்துக்கொண்ட அந்தத் தொழிலாளிகள் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

அப்புறம் அனுன்சியாத்தா சதுக்கம். அங்கே அநாதைக் குழந்தைகளுக்கான இன்னொசென்தி இல்லத்துக்குப் பட்டுத் தொழிலாளர், வணிகர் சங்கம் பணம் கொடுத்தது. கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி 1419-இல் கட்டத் தொடங்கினார். முகப்பு வளைவுகளுக்கு நடுவே நீல வட்டங்களில் துணி சுற்றிய வெள்ளைக் குழந்தைகள், அந்திரேயா தெல்லா ரோப்பியாவின் சுடுமண் வேலை. படியில் உட்கார்ந்திருந்த உள்ளூர்ப் பாட்டி ஒருவர் என்னைக் கூப்பிட்டு இடது ஓரத்துக் கம்பிச் சன்னலைக் காட்டினார். குழந்தையை வெளியிலிருந்து உள்ளே விட்டுப்போன இடமாம், 1875-இல்தான் மூடினார்கள். முதல் குழந்தை 1445 பிப்ரவரி 5-ஆம் தேதி வந்தது.

உள்ளே அருங்காட்சியகத்துக்கு அவசியம் போங்கள். குழந்தையோடு தாய்மார்கள் விட்டுப்போன அடையாளங்களைச் சின்னச் சின்ன இழுப்பறைகளில் வைத்திருக்கிறார்கள். பாதியாக உடைத்த பதக்கம் ஒன்றைப் பார்த்தேன். என்றைக்காவது திரும்பி வந்தால் மறுபாதியைக் காட்டிப் பிள்ளையை அடையாளம் சொல்லலாம் என்ற நம்பிக்கை. அதைப் பார்த்த பிறகு முகப்பின் வட்டங்களை வெறும் அலங்காரம் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

பொன்தே வெக்கியோ பாலத்தைத் தாண்டினதும் இடதுபுறம் சாந்தா ஃபெலிச்சித்தா தேவாலயம். பாலத்தில் அவ்வளவு கூட்டம் நெரிந்தாலும் இதற்குள் ஆள் குறைவு. நுழைந்தவுடன் வலப்பக்கச் சிற்றாலயத்தில் ஓவியர் பொந்தோர்மோ 1520-களில் வரைந்த இயேசுவின் உடலைச் சுமக்கும் காட்சி. ஓவியத்தில் சிலுவை கிடையாது, ஆட்கள் காலூன்றும் தரையும் சரியாகத் தெரியாது. இளஞ்சிவப்பும் வெளிர்நீலமுமாக மிதக்கிறார்கள். விளக்குக்குக் காசு போட வேண்டும், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். எந்த இடத்துக்காக வரைந்தாரோ அங்கேயே அந்த ஓவியம் இன்றும் இருக்கிறது. நேரம் கம்மி என்றால் ஓர் அருங்காட்சியகத்தை விட்டுவிட்டாவது இதைப் பாருங்கள்.