பிள்ளைகளுக்கு ‘போதும்’ என்பதை எப்படிப் பழக்குவது?

அன்பானவர்களே, ஸ்தோத்திரம். ஓய்வுநாள் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். போன வாரம், எதற்காகக் கர்த்தருக்கு நன்றி சொல்லலாம் என்று கேட்டேன். பாதிப் பேர் அடுத்து வாங்கப்போகிற போனையும் ஷூவையும் பற்றியே பேசினார்கள். கிறிஸ்துமஸ் புதுத்துணிக்கே கடன் வாங்குகிற வீடுகள் உண்டு; பிள்ளைகளை மட்டும் எப்படிக் குறை சொல்வது?

அப்போஸ்தலர் பவுல் சிறைக்காவலில் இருந்தபடிதான் பிலிப்பி ஊர்ச் சபையாருக்கு, வேதாகமத்தில் உள்ள பிலிப்பியர் நிருபத்தை (கடிதத்தை) எழுதினார். எந்த நிலைமையிலும் மனரம்மியமாயிருக்க, அதாவது மனநிறைவோடிருக்க, ‘கற்றுக்கொண்டேன்’ என்கிறார் (4:11). அந்த ஒரு வார்த்தைதான் எனக்குப் பெரிய நம்பிக்கை. அவரே கற்றுக்கொண்டார் என்றால் பிள்ளைகளுக்கும் பழக்கலாம் இல்லையா?

சரி, எப்படி? நன்றி நோட்டு, காணிக்கை உண்டியல் மாதிரி நீங்கள் செய்து பார்த்தது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். இல்லாத வீட்டுப் பிள்ளையின் மனம் நோகாதபடி இருக்க வேண்டும். அப்புறம், பெற்றோரிடம் இதை எப்படிப் பேசினீர்கள்?