மிரட்டல் வந்த நாள்: உங்களுக்கு நடந்ததை இங்கே எழுதுங்கள்

ஒற்றையடி:
கதை வெளிவந்த பத்தாவது நாள் தொலைபேசி அழைப்புகள் தொடங்கின. எப்படிப் பேசுவார்கள் என்று இங்கிருப்பவர்களுக்குத் தெரியும், அதை விடுங்கள். கெட்ட வார்த்தை கேட்டுக் கேட்டு மரத்துப்போயிருந்தேன். ஒருவர் மட்டும் மிக மரியாதையாகப் பேசினார். "அம்மா, உங்கள் வாசலில் ஒரு நீலச் சைக்கிள் நிற்கிறதே, தம்பி அதில் தனியாகத்தான் பள்ளிக்கூடம் போகிறாரா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். கதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

புகார் எழுத உட்கார்ந்தேன். எழுதிப் பார்த்தால் அதில் மிரட்டலே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் அக்கறையாக விசாரித்தது போல இருந்தது. காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, எழுந்துபோய்ச் சைக்கிளை உள்ளே தூக்கி வைத்தேன். ஏன் என்று மகன் கேட்டான். மழை வரும் போலிருக்கிறது என்றேன். வெளியே நல்ல வெயில்.

அதற்குப் பிறகு நான் கதை எழுதவில்லை. நான்கு வருடம் ஆகிறது.

மெய்ப்புத்திருத்துநர்:
அக்கா, நான் மறுபக்கத்தில் இருந்தவன். ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாவல் அச்சுக்குப் போகவிருந்த நேரத்தில் யாரோ நேரில் வந்து பேசிவிட்டுப் போனார்கள். மாலையில் என்னைக் கூப்பிட்டு, "ஏழாம் அத்தியாயம் வேண்டாம், தெரியாதபடி சரிசெய்துவிடுங்கள்" என்றார்கள். எழுத்தாளருக்குச் சொல்லியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். எட்டை ஏழாக்கினேன், ஒன்பதை எட்டாக்கினேன். பக்க எண்களை மாற்றினேன். பின்னால் ஏழாம் அத்தியாயத்தைக் குறிக்கும் இரண்டு வரிகள் இருந்தன, அவற்றையும் எடுத்தேன். வேலை சுத்தமாக இருந்தது.

புத்தகம் வந்த அன்று எழுத்தாளர் வந்தார். பொருளடக்கத்தில் விரல் வைத்து மெல்லக் கீழே கொண்டுவந்தார். விரல் ஓரிடத்தில் நின்றது. கத்தவில்லை. "இவ்வளவு கவனமாக யார் செய்தது?" என்று மட்டும் கேட்டார். நான் மூன்றடி தூரத்தில் நின்றிருந்தேன். வாய் திறக்கவில்லை.

நேர்கோடு:
மேலே எழுதிய இருவர் மீதும் எனக்கு வருத்தம்தான். இப்படி ஒவ்வொருவராக ஒதுங்கினால் அடுத்த அழைப்பு அடுத்தவருக்குத்தான் போகும். நார்வே பதிப்பாளர் வில்லியம் நைகார்ட், சல்மான் ருஷ்டியின் 'தி சாத்தானிக் வெர்சஸ்' நாவலை வெளியிட்டதற்காக 1993 அக்டோபரில் ஆஸ்லோவில் தன் வீட்டுக்கு வெளியே சுடப்பட்டார். உயிர்பிழைத்தார், பதிப்புத்தொழிலை விட்டு ஓடவில்லை. உங்கள் பதிப்பகத்துக்கு ஒருவர் வந்து பேசிவிட்டுப் போனதே போதுமாக இருந்திருக்கிறது. மெய்ப்புத்திருத்துநரே, நீங்கள் அன்று மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம்.

எனக்கும் மிரட்டல் கடிதம் வந்திருக்கிறது. கிழித்துப் போட்டேன்.

இரண்டாம்மொழி:
நேர்கோடு, நைகார்டைச் சொன்ன நீங்கள் ஹிதோஷி இகராஷியையும் சொல்லியிருக்க வேண்டும். அதே நாவலை ஜப்பானிய மொழியில் பெயர்த்தவர். 1991 ஜூலையில், தான் பாடம் நடத்திய சுகுபா பல்கலைக்கழகத்திலேயே குத்திக் கொல்லப்பட்டார். அதே மாதம் இத்தாலிய மொழிபெயர்ப்பாளரும் கத்திக்குத்துப்பட்டார். பிழைத்தவரை மட்டும் காட்டி, பயந்தவரைக் குற்றம் சொல்வது நியாயமில்லை.

நான் மொழிபெயர்ப்பாளன். ஒரு கட்டுரைத் தொகுப்புக்கு எதிர்ப்பு கிளம்பியதும் அட்டையிலிருந்து என் பெயரை எடுக்கச் சொன்னது நானேதான். வெளியீட்டு விழாவில் மூல ஆசிரியர் மேடையிலிருந்து, "என்னை இந்த மொழியில் பேசவைத்தவர் இந்த அரங்கில் இருந்தால் ஒரு நிமிடம் எழுந்து நில்லுங்கள்" என்றார். பின்வரிசையில் இருந்தேன். எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். நானும் மற்றவர்களைப் போலவே திரும்பிப் பார்த்தேன். யாரையோ தேடுவது போல.

கோப்புக்கட்டு:
எனக்கு நடந்தது சின்ன விஷயம். ஒரு கட்டுரைக்காக என் படத்தைப் போட்டு, 'இவரைத் தெரிந்தவர்கள் முகவரி தரவும்' என்று பரப்பினார்கள். 11 பேர் தந்தார்கள். அதில் ஒருவர் என் நண்பர்.

இனி இதில் மாட்டுகிறவர்களுக்குச் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். நேர்கோடு, கடிதத்தைக் கிழித்தது தவறு. எதையும் அழிக்காதீர்கள். அழைப்பு வந்த நேரம், எண், சொன்ன வார்த்தைகள் எல்லாவற்றையும் அன்றே ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒற்றையடி அக்கா, அந்த நீலச் சைக்கிள் அழைப்பைத் தனியாக எழுதினால் மிரட்டலாகத் தெரியாது என்பது சரிதான். ஆனால் அதற்கு முன் வந்த வசவு அழைப்புகளோடு தேதிவாரியாக அடுக்கிவைத்தால் அது என்ன என்று யாருக்கும் புரியும். புகாரை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்குங்கள். வாசலைப் பற்றிய பேச்சை லேசாக எடுக்காதீர்கள். கன்னட அறிஞர் கல்புர்கி 2015 ஆகஸ்ட் 30 அன்று சுடப்பட்டது அவர் வீட்டில். பத்திரிகையாளர் கௌரி லங்கேஷ் 2017 செப்டம்பர் 5 இரவு சுடப்பட்டதும் தன் வீட்டு வாசலில்தான்.

முக்கியமாக, சமாதானப் பேச்சு என்று கூப்பிட்டால் தனியாகப் போகாதீர்கள், அங்கேயே எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுவிட்டாலும் எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். பெருமாள்முருகன் 2015 ஜனவரியில் அப்படியொரு பேச்சுவார்த்தையில் நிபந்தனையற்ற மன்னிப்பு எழுதிக்கொடுக்க வேண்டியதாயிற்று. எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று சொன்னது. அவர் திரும்பவும் எழுத வேண்டும் என்றும் சொன்னது. அவரும் எழுதினார். அக்கா, இது உங்களுக்காகவும்தான்.

முன்வரிசை:
நான் வாசகன் மட்டுமே. ருஷ்டி 2022 ஆகஸ்ட் 12 அன்று மேடையில் குத்தப்பட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. நான் மதிக்கும் ஒரு கவிஞரின் கூட்டம். அவருக்கும் மிரட்டல்கள் இருந்தன. அவர் வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஓர் இளைஞர் எழுந்து, தோள்பைக்குள் கையை விட்டபடி மேடையை நோக்கி வேகமாக நடந்தார். கவிஞர் நிறுத்திவிட்டார். என் பக்கத்தில் இருந்தவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். யாரோ "டேய்" என்று கத்தினார்கள்.

பையன் பையிலிருந்து எடுத்தது அவருடைய கவிதைப் புத்தகம். கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டதாம், கையெழுத்து வாங்க வந்திருக்கிறார்.

எல்லோரையும் பார்த்தபோது அந்த இளைஞருக்குப் புரிந்துவிட்டது. அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. கவிஞர் கையெழுத்துப் போட்டார், பேனா இரண்டு முறை நழுவியது. எகிப்திய நாவலாசிரியர் நகீப் மஹ்பூஸ் 1994இல் தன்னை நோக்கி வந்த இளைஞனை வாசகன் என்று நினைத்தாராம், வந்தது கத்தி. இங்கே வாசகனே வந்தும் எங்கள் கண்ணுக்குக் கத்திதான் தெரிந்தது.

நேர்கோடு:
கடிதத்தைக் கிழித்தது துணிச்சலால் இல்லை. வீட்டில் யாரும் பார்த்துவிடக் கூடாது என்றுதான். முதலிலேயே இதை எழுதியிருக்க வேண்டும்.

ஒற்றையடி:
கோப்புக்கட்டு, அந்தக் காகிதத்தைத் தேடி எடுத்தேன். தேதி போடாமல் விட்டிருக்கிறேன். இன்று மற்ற அழைப்புகளை நினைவிலிருந்து எழுதத் தொடங்கினேன்.

மெய்ப்புத்திருத்துநர் தம்பி, ஒன்று கேட்க வேண்டும். அந்த ஏழாம் அத்தியாயம் எங்கேயாவது இருக்கிறதா?

மெய்ப்புத்திருத்துநர்:
இருக்கிறது அக்கா. நான் திருத்திய பிரதி, 22 பக்கம். பதிப்பகத்தை விட்டு வரும்போது எடுத்துவந்தேன். அவர் முகவரியும் இருக்கிறது.