புதுப்பிப்பு: விவாகரத்துக்குப் பிறகும் துரத்தும் வரிப் பாக்கி

அமெரிக்காவில் இருக்கும் என் தங்கைக்கு, முன்னாள் கணவரோடு கூட்டாகத் தாக்கல் செய்த வரிக் கணக்கின் பாக்கிக்காக நோட்டீஸ் வந்ததை எழுதியிருந்தேன். 'அவரே கட்ட வேண்டும்' என்று விவாகரத்துத் தீர்ப்பில் இருந்தாலும் அது வரித்துறையைக் கட்டுப்படுத்தாது.

கூட்டுக் கணக்கின் பாக்கியிலிருந்து தன்னை விடுவிக்கச் சொல்லி வரித்துறையிடம் கேட்கும் 8857 படிவத்தைத் தங்கை அனுப்பியாகிவிட்டது. விடுவிப்பதா என்று முடிவெடுக்க அவர்கள் பார்க்கும் அம்சங்களில் ஒன்றான பணக் கஷ்டத்தை எப்படி எடைபோடுவார்கள் என்று பலர் கேட்டீர்கள். 2013-இல் வந்த விதிமுறைப்படி, வருமானம் அந்நாட்டு வறுமை அளவின் 250 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், அல்லது அடிப்படைச் செலவு போக மாதம் மிஞ்சுவது 300 டாலரைத் தாண்டக் கூடாது. பாக்கியைக் கட்டும் அளவுக்குச் சொத்து இருந்தால் கதை வேறு. தங்கை வாடகை, டேகேர், கார் இன்சூரன்ஸ், மகனின் இன்ஹேலர் என்று ஒவ்வொரு ரசீதையும் இணைத்தாள். மிஞ்சுவது 140 டாலர்தான்.

கஷ்டம் இல்லை என்று முடிவானாலும் அந்த அம்சம் எதிராக எண்ணப்படாது, நடுநிலைதான். எங்களுக்கு இதுவே பெரிய தெம்பு.

அப்புறம், விண்ணப்பித்தால் முன்னாள் கணவருக்குக் கட்டாயம் தகவல் போகும். அடி உதை வாங்கிப் பிரிந்தவர்களுக்கும் இதில் விலக்கில்லை. ஆனால் உங்கள் புது முகவரியையோ வேலை செய்யும் இடத்தையோ அவரிடம் சொல்ல மாட்டார்கள். அந்தப் பயத்தால் விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள்.