ஸ்கார்பரோவில் வாடகை முன்பணமும் முதல் வேலையும்: புதிதாக வந்தவரின் கேள்வி

உறையூர்க்காரன்:

அனைவருக்கும் வணக்கம். பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) பெற்று, மனைவியுடனும் இரண்டாம் வகுப்பு படிக்கும் மகளுடனும் அண்மையில் டொராண்டோ வந்து சேர்ந்திருக்கிறேன். இப்போதைக்கு ஸ்கார்பரோவில் உறவினர் வீட்டில் தங்கியிருக்கிறோம். திருச்சியில் சிவில் இன்ஜினியராகப் பத்தாண்டுகளுக்கு மேல் பணியாற்றியவன்.

தனி வாசல் உள்ள பேஸ்மென்ட் வீடு ஒன்று எங்களுக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் வேலைச் சான்றும் கிரெடிட் ஸ்கோரும் இல்லாததால் ஆறு மாத வாடகையை முன்கூட்டியே தர வேண்டும் என்றும், வீட்டுக்குச் சேதம் ஏற்பட்டால் கழித்துக்கொள்ளத் தனியாக ஒரு தொகை வேண்டும் என்றும் உரிமையாளர் கேட்கிறார். ஊரில் அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய நமக்கு இது புதிதல்ல என்றாலும், கொண்டுவந்த சேமிப்பில் பெரும்பகுதி இதிலேயே கரைந்துவிடும்.

அடுத்தது வேலை. விண்ணப்பித்த இடங்களில் எல்லாம் கனடிய அனுபவம் உண்டா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். உறவினர், கிடங்கு ஒன்றில் சம்பளத்தை ரொக்கமாகவே கையில் தரும் வேலை இருக்கிறது, உடனே சேர்ந்துகொள் என்கிறார். அதில் நுழைந்துவிட்டால் சொந்தத் துறைக்குத் திரும்பவே முடியாது என்று மனைவி அஞ்சுகிறார். இதைக் கடந்து வந்தவர்கள் வழிகாட்டினால் பெரிதும் நன்றியுடையவனாக இருப்பேன்.

பருத்தித்துறை முனை:

வணக்கம் தம்பி. வீட்டு விஷயத்தை மட்டும் நான் சொல்கிறேன். ரொறன்ரோவில் நெடுங்காலம் வாடகைக்கு இருந்தவன், இப்போது என் வீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்குக் கொடுத்திருப்பவன் என்பதால் இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும்.

ரொறன்ரோ அடங்கிய ஒன்ராறியோ மாகாணத்தின் 2006ஆம் ஆண்டு குடியிருப்பு வாடகைச் சட்டத்தின்படி, வீட்டுக்காரர் முன்பணமாகக் கேட்கக்கூடியது அதிகபட்சம் ஒரு மாத வாடகைதான். அதையும் நீங்கள் குடியிருக்கும் கடைசி மாதத்தின் வாடகையாகவே கழிக்க வேண்டும். அதற்கு ஆண்டுதோறும் உங்களுக்கு வட்டியும் தர வேண்டும். சேத வைப்புப் பணம் என்று ஒன்றை வாங்கவே சட்டத்தில் இடமில்லை. வரும் மாதங்களின் தேதியிட்ட காசோலைகளையும் கட்டாயப்படுத்த முடியாது. ஆகவே அவர் கேட்கும் இரண்டுமே கேட்கக் கூடாதவை. இதைச் சண்டைக்குரிய குரலில் சொல்லாமல், பணிவாகவும் உறுதியாகவும் சொல்லுங்கள். கூடவே உங்கள் வங்கிச் சேமிப்புக்கான அறிக்கை, பழைய வேலையிடத்தின் கடிதம், உறவினர் உத்தரவாதக் கையொப்பமிட முன்வந்தால் அவருடைய சம்பளச் சான்று ஆகியவற்றைக் கொடுங்கள். வீட்டுக்காரருக்கு இருப்பது வாடகை வராமல் போய்விடுமோ என்ற பயந்தான். அந்தப் பயத்தைக் காகிதங்களால் தீர்க்கலாம், உங்கள் சேமிப்பால் தீர்க்க வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் கட்டாயம் பாருங்கள். வீட்டுக்காரரோடோ அவருடைய கணவன் அல்லது மனைவி, பிள்ளை, பெற்றோரோடோ சமையலறையையோ குளியலறையையோ பகிர்ந்துகொள்ள வேண்டிய ஏற்பாடு என்றால், மேலே சொன்ன சட்டம் உங்களைக் காக்காது. எங்கள் ஆட்கள் பலர் இது தெரியாமல் அறை எடுத்துவிட்டு, திடீரென்று வெளியேறச் சொல்லும்போது தவித்துப் போகிறார்கள். ஒப்பந்தத்தை மாகாண அரசின் பொதுப் படிவத்திலேயே எழுதிக் கேளுங்கள். 2018 ஏப்ரல் 30 முதல் பெரும்பாலான தனியார் வாடகை வீடுகளுக்கு அதுதான் கட்டாயம். சின் எனப்படும் உங்கள் சமூகக் காப்பீட்டு இலக்கத்தை வீட்டுக்காரருக்குக் கொடுக்காதீர்கள்.

நொய்யல்:

உறையூர்க்காரன் அவர்களுக்கு, நானும் கோவையில் சிவில் படித்து இங்கு வந்து உரிமம் பெற்றவள். உங்கள் மனைவியின் அச்சம் நியாயமானது. ஆனால் கிடங்கு வேலை ஒருவரைத் துறையிலிருந்து விலக்கிவிடுவதில்லை. வேலை முடிந்து களைத்து வரும் நாட்களில் விண்ணப்பமும் படிப்பும் நின்றுபோவதுதான் விலக்குகிறது. எனவே மாலை அல்லது வார இறுதி ஷிப்ட் கிடைக்குமா என்று பாருங்கள். வார நாட்களின் காலைப்பொழுதை நேர்முகத்துக்கும் படிப்புக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

ரொக்கச் சம்பளம் மட்டும் வேண்டவே வேண்டாம். சம்பளச் சீட்டு இல்லாவிட்டால் அடுத்த வீட்டுக்காரரிடம் காட்ட ஒன்றும் இருக்காது. ஓய்வூதியத்திலும் வேலையிழப்புக் காப்பீட்டிலும் உங்கள் கணக்கில் எதுவும் சேராது. சம்பளத்தைத் தராமல் இழுத்தடித்தாலும் நிரூபிப்பது கடினம். ஏஜென்சி வழியாகப் போவதானால், வேலை வாங்கித்தர உங்களிடம் கட்டணம் கேட்பது இங்கே சட்டவிரோதம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கனடிய அனுபவம் என்ற தடையைப் பற்றி நான் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பழைய செய்தியை நம்பி இன்னும் பலர் முயற்சியையே கைவிடுகிறார்கள். அதைக் கட்டாயமாகக் கேட்பது முதல் பார்வையிலேயே பாகுபாடு என்று ஒன்டாரியோ மனித உரிமை ஆணையம் 2013இலேயே கொள்கை வெளியிட்டது. பொறியாளர் உரிமத்துக்குக் கனடாவிலேயே ஓராண்டு பணி வேண்டும் என்ற நிபந்தனையை மாகாணப் பொறியாளர் அமைப்பான பி.இ.ஓ. 2023 மே மாதத்தில் நீக்கிவிட்டது. 2026 ஜனவரி முதல் 25 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்கள் உள்ள நிறுவனங்கள் பொது விளம்பரத்தில் அந்த நிபந்தனையைப் போடவும் முடியாது. பொறியாளர் உரிமத்துக்கு மொத்தம் நான்கு ஆண்டு அனுபவமும், தொழில்நெறித் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும். திருச்சி அனுபவத்தையே ஒவ்வொரு பணியாக விவரித்து எழுதலாம். குடியேற்றத்துக்காக வாங்கிய பட்ட மதிப்பீட்டை உரிமம் என்று எண்ணிவிடாதீர்கள். உரிமம் கிடைக்கும்வரை இங்கே இன்ஜினியர் என்று போட்டுக்கொள்ளவும் கூடாது.

அதுவரை எஸ்டிமேட்டர் (கட்டுமானச் செலவைக் கணக்கிடுபவர்), திட்ட ஒருங்கிணைப்பாளர் போன்ற பணிகளுக்கு விண்ணப்பியுங்கள். நேர்முகத்தில் எனக்கு உதவியது ஒரு சிறு விஷயம். மண்ணிலுள்ள ஈரம் குளிர்காலத்தில் உறைந்து உப்பி அடித்தளத்தையே தூக்கிவிடும் என்பதால், டொராண்டோவில் அஸ்திவாரத்தை ஏறத்தாழ 1.2 மீட்டர் ஆழத்துக்குக் கீழே இறக்குகிறார்கள். நம் ஊரில் இந்தக் கணக்கே எழாது. அதைப் படித்து வந்து பேசியபோது, எதிரே இருந்தவர் என் பழைய பணிகளைப் பற்றி ஆர்வத்தோடு கேட்கத் தொடங்கினார். 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஒன்டாரியோ கட்டட விதிகளை வாசிக்கத் தொடங்குங்கள். வேலைக்கு அனுப்பும் ரெஸ்யூமேயில் புகைப்படம், வயது, மண விவரம் எதுவும் வேண்டாம்.

மல்லிகைப்பந்தல்:

தம்பி, வேலைக் கவலையில் குழந்தைக்கான விண்ணப்பத்தைத் தள்ளிப் போடாதீர்கள். கனடா குழந்தை நலத்தொகைக்கு இப்போதே விண்ணப்பிக்கலாம். வருவதற்கு முந்தைய வருமானத்தையும் அதில் குறிப்பிட வேண்டும். அது தடையின்றி வருவதற்கு, வருமானமே இல்லாவிட்டாலும் கணவன் மனைவி இருவரும் ஆண்டுதோறும் வரிக்கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். கடைசி நாள் ஏப்ரல் 30. மாகாண மருத்துவக் காப்பீடான ஓஹிப் அட்டைக்கு முன்பிருந்த மூன்று மாதக் காத்திருப்பு 2020இல் நீக்கப்பட்டது, ஆகவே அதையும் உடனே எடுத்துவிடுங்கள். மகளின் தடுப்பூசிப் பதிவைப் பொதுச் சுகாதாரத் துறையிடம் கொடுத்துவிடுங்கள்; அது இல்லாவிட்டால் பள்ளியிலிருந்து இடைநீக்கம் வரை போகலாம்.

உறையூர்க்காரன்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ரொக்க வேலை வேண்டாம் என்று உறவினரிடம் சொல்லிவிட்டேன். பருத்தித்துறை ஐயாவிடம் ஒரே ஒரு சந்தேகம்: சமையலறையும் குளியலறையும் எங்களுக்குத் தனியாகவே இருக்கின்றன, ஆனால் துணி துவைக்கும் இயந்திரம் மட்டும் உரிமையாளர் குடும்பத்துக்கும் எங்களுக்கும் பொது. இதனால் சட்டப் பாதுகாப்பு போய்விடுமா?

பருத்தித்துறை முனை:

போகாது தம்பி. சட்டம் சொல்வது சமையலறையையும் குளியலறையையும் மட்டுந்தான். எந்தெந்த நாட்களில் நீங்கள் துவைக்கலாம், தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் யார் கட்டுவது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.