செங்கோட்டைச் சாரலில் பாகலையும் புடலையையும் பழ ஈயிடமிருந்து காக்க வழி கூறுங்கள்

அனைவருக்கும் வணக்கம். செங்கோட்டை அருகே 5 சென்ட் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, இரசாயனம் எதுவும் இடாமல் வீட்டுக்கான காய்கறிகளைப் பயிரிட்டு வருகிறேன். கோடையில் கத்தரியும் வெண்டையும் நன்றாகவே காய்க்கின்றன. ஆடிப்பட்டத்தில்தான் சிக்கல்: ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் தென்மேற்குச் சாரலில் மண் ஈரம் காயாத நாள்களில், பந்தலில் ஏற்றிய பாகல், புடலைப் பிஞ்சுகளில் பழ ஈ முட்டையிட, அவை வளைந்து, அழுகி உதிர்கின்றன. 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி வீதம் பஞ்சகவ்யம் தெளித்ததில் கொடி செழித்ததே தவிர ஈ குறையவில்லை. வேப்பெண்ணெய்க் கரைசலையோ அடுத்த தூறலே கழுவிவிடுகிறது. உதிர்ந்த காய்களைப் பொறுக்கி அழிப்பதுடன், கூட்டுப்புழுக்கள் வெளிப்படுமாறு மண்ணையும் கொத்திவிடுகிறேன்.

ஆண் ஈக்களை ஈர்க்கும் கியூலூர் பொறியை இவ்வளவு சிறிய நிலத்தில் எத்தனை, எவ்வளவு உயரத்தில் கட்ட வேண்டும்? பூக்கும் முன்பே கட்டிவிட வேண்டுமா? புனலூர், தென்மலைப் பக்கம் பாகல் பயிரிடும் நண்பர்கள் இருந்தால், பிஞ்சுக்குக் காகித உறை இடுவது மழையில் தாங்குமா என்பதையும் அன்புகூர்ந்து தெரிவியுங்கள்.