புதிய மேற்கத்திய இசைப் படைப்பின் முதல் ஒத்திகை: எங்கெங்கே இடறும்?

தாளக் கருவிக்காரர்:
வைப்ரஃபோன் இருந்தால் முதலில் பேச வேண்டியது சுருதி. அதன் உலோகப் பட்டைகளை மேடையில் ஏற்றவோ இறக்கவோ முடியாது. 442 ஹெர்ட்ஸில் செய்தவை நிறைய, 440-இல் செய்தவையும் உண்டு. பியானோவை 440-இல் சேர்த்துவிட்டு 442 வைப்ரஃபோனை அருகில் வைத்தால், இரண்டும் ஒரே ‘ஏ’ ஸ்வரத்தில் நிற்கும்போது நொடிக்கு 2 முறை ஒலி அலையும். வயலின்காரர் எதோடு சேர்வது என்று தெரியாமல் தவிப்பார். ஆகவே பியானோவுக்குச் சுருதி சேர்க்க வருபவரிடம் வைப்ரஃபோனின் எண்ணை முன்பே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது இடம். 5 ஆக்டேவ் (ஸ்தாயி) மரிம்பா, அதாவது மரப்பட்டைக் கருவி, இரண்டரை மீட்டருக்கு மேல் நீளும். எல்லாவற்றையும் அடுக்கி முடித்ததும் தரையில் டேப் ஒட்டி, மேலிருந்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கருவி ஒரு சாண் தள்ளிப்போனாலும் பழகிய கை தவறும். குச்சிகள் வைக்கும் தட்டில் தடித்த துண்டு விரிக்க வேண்டும். மெல்லிய பகுதியில் குச்சி கீழே வைக்கும் சத்தம் கடைசி வரிசை வரை கேட்கும்.

பியானோக்காரர்:
தந்திகளில் பொருள் செருகி ஒலியை மாற்றும் படைப்பு என்றால், கருவிக்குள் கை வைக்க அரங்கத்தாரிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பிறகு வலது பெடலை அழுத்தி, தந்தியின் அதிர்வை அடக்கும் டாம்பர்களைத் தூக்கிவிட்டுத்தான் தந்திகளுக்கிடையே திருகாணி செருக வேண்டும். இல்லையென்றால் டாம்பர் கோணிக்கொள்ளும்.

எந்தத் தந்திகளுக்கு இடையே என்பதிலும் விஷயம் இருக்கிறது. மூன்று தந்திகள் உள்ள ஸ்வரத்தில் 2-க்கும் 3-க்கும் நடுவே திருகாணி இருந்தால், முதல் தந்தி தன் இயல்பான நாதத்தோடு கூடவே ஒலிக்கும். கிராண்ட் பியானோவில் இடது பெடலை மிதித்தால் சுத்தியல் நகர்ந்து அந்த முதல் தந்தியை விட்டுவிடும். திருகாணி பட்ட சத்தம் மட்டும் தனியாக வரும். இசையமைப்பாளர் ஜான் கேஜின் ‘சொனாட்டாஸ் அண்ட் இன்டர்லூட்ஸ்’ (1946–48) 45 ஸ்வரங்களுக்கு இப்படிப் பொருள் செருகச் சொல்கிறது. எங்கே செருகுவது என்று அதிலுள்ள அளவுகளை வேறு நீளமுள்ள பியானோவில் அப்படியே வைத்தால் வேறு சத்தம்தான் வரும். அளவு தொடக்கம் மட்டுமே, முடிவு காதினுடையது.

தந்தியை லேசாகத் தொட்டு மேல் ஸ்வரம் எழுப்பும் ஹார்மோனிக் புள்ளிகளுக்கும் இதே கதை. ஒரு பியானோவில் கைக்கு எட்டும் புள்ளி, இன்னொன்றில் இரும்புச் சட்டத்தின் குறுக்குக் கம்பிக்கு அடியில் போய்விடும். ஸ்வரப் பெயரை டாம்பரின் தலையில் சிறு தாள் ஒட்டி எழுதலாம், தந்தியில் எதையும் ஒட்டாதீர்கள். கை வியர்வை செப்புச் சுற்றுத் தந்தியைக் கறுக்க வைக்கும். துடைத்த கையோடு தொடுங்கள்.

கிளாரினெட்காரர்:
ஒரே நேரத்தில் பல ஸ்வரம் எழுப்பும் மல்டிஃபோனிக்குக்கு இசையமைப்பாளர் விரலமைப்பு எழுதியிருந்தாலும், அது போம், ஓலர் என்ற இரு சாவி அமைப்புகளில் எதற்கு என்று பாருங்கள். ஒன்றுக்கு எழுதியது மற்றதில் எடுபடாது. வராத இடத்தில் மேலே துலங்கும் ஸ்வரத்தைக் காப்பாற்றும் மாற்று ஒன்றைப் பதிவுசெய்து அவருக்கே அனுப்புங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

இசையமைப்பாளர் ஷோன்பெர்கின் ‘பியரோ லூனேர்’ (1912) வந்ததிலிருந்து புளூட், கிளாரினெட், வயலின், செலோ, பியானோ ஐந்தும் புதிய இசையின் வழக்கமான குழு ஆகிவிட்டன. கூடவே ஒருவரே இரு கருவி மாற்றும் வழக்கமும் வந்தது. பாஸ் கிளாரினெட்டை எடுக்க 3 பார் (தாள அளவுக் கட்டம்) ஓய்வு என்றால் பாரை எண்ணாதீர்கள், நொடியை எண்ணுங்கள். வேக நடையில் அது 4 நொடிகூட இராது. ஆறிப்போன கருவி சுருதி இறங்கியே ஆரம்பிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒலிப்பதிவாளர்:
முன்பதிவு ஒலியோடு சேர்ந்து வாசிக்கும் படைப்பில் அடிக்கடி நடக்கும் கூத்து இது: கோப்பின் மாதிரி வீதம் (சாம்பிள் ரேட்) 44.1 கிலோஹெர்ட்ஸ், அதை ஒலிக்கும் சாதனம் 48-இல் ஓடுகிறது. மென்பொருள் மாற்றிக்கொள்ளாவிட்டால் எல்லாமே சுமார் ஒன்றரை செமிடோன் (அரைச்சுருதி) ஏறி, 9 சதவீதம் வேகமாகப் போகும். குழு முழுவதும் தன்மேல் சந்தேகப்பட ஆரம்பித்துவிடும். ஒத்திகைக்கு முன் கோப்பில் ஒரு ஸ்வரத்தைப் பியானோவோடு ஒப்பிட்டால் தீர்ந்தது. தாளம் காட்டும் கிளிக் ஒலியைக் குழுவை நடத்தும் கண்டக்டருக்கு மட்டும், ஒரே காதில். தொடக்கத்தில் 2 பார் எண்ணிக்கை கட்டாயம்.

கண்டக்டர்:
காலமாற்றத்தைக் கையால் மட்டும் காட்டிப் பயனில்லை. நிமிடத்துக்கு 72 அடி, அடிக்கு 5 நோட்டு, அதாவது கண்ட நடை. அதே நோட்டுகளை நாலு நாலாகக் கட்டினால் புதிய அடி 90. அந்த ஐந்தை அப்போது யார் வாசிக்கிறாரோ அவரைத் தனியாக வாசிக்கச் சொல்லி, மற்றவர்கள் நாலுக்கு ஒரு தட்டு தட்டினால் மாற்றம் உடனே பிடிபடும். எல்லோரும் ஒன்றாகத் தொடங்கினால் அரைமணி நேரம் வீண்.

இன்னொன்று, என் கையிலுள்ளது ஒலிக்கும் சுருதியில் எழுதிய ஸ்கோரா (எல்லாக் கருவிகளும் உள்ள முழுப் பிரதி), அவரவர் தாளில் உள்ளபடியா என்று முதலிலேயே அறிவித்துவிடுவேன். ‘உங்கள் எஃப் தாழ்ந்திருக்கிறது’ என்றால் பி-ஃபிளாட் கிளாரினெட்காரர் தன் தாளில் ஜியைத் தேட வேண்டும்; அந்தக் கருவிக்கு ஒலிப்பதைவிட ஒரு முழுச்சுருதி மேலே எழுதுவார்கள்.

செலோக்காரர்:
வில்லின் மரத்தால் தட்டும் பகுதிக்குப் பழைய வில் ஒன்றைத் தனியே வைத்திருங்கள், நல்ல வில்லின் வார்னிஷ் பெயரும். டேப்லெட்டில் வாசிப்பவர்கள் பக்கம் திருப்பும் கால் பெடலின் பேட்டரியைப் பார்த்துக்கொண்டு, திருப்பும் பக்கங்களை மட்டுமாவது அச்சிட்டு ஸ்டாண்டுக்குப் பின்னால் வையுங்கள்.